அலமாரியில் தூங்கும் கடல்: கரையோர ஆய்வு மாணவர்களின் தீசிஸ் எங்கே போகிறது?

ஏப்ரல், மே வந்துவிட்டால் பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளுக்கு சீசன்தான். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் மாணவர்கள் பென்டிரைவோடு வரிசையில் நிற்பார்கள். கைடுக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று எனக் கெட்டி அட்டை போட்ட காப்பிகள் தயாராகும். வைவா முடியும், மதிப்பெண் வரும், 'அப்பாடா' என்று ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

பல பாடங்களில் கதை அங்கேயே முடிந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கடல் உயிரியல், கரையோரச் சூழலியல் படித்தவர்களின் தீசிஸ் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட கரையில், குறிப்பிட்ட மாதத்தில் என்னென்ன உயிர்கள் எத்தனை இருந்தன என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்த மாதம் திரும்பி வராது. இன்னொருவர் அதே இடத்தில் அதே நேரத்தில் எண்ணியிருக்க வாய்ப்பும் மிகக் குறைவு. அதாவது, அந்தக் கணக்குக்கு வேறு காப்பியே கிடையாது.

அதைத்தான் மதிப்பெண் போட்டு முடித்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம்.

அப்படி என்னதான் இருக்கு அதில்?

ஓர் உதாரணம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், சேற்றுக்குள் வாழும் சின்ன உயிர்களைப் பற்றி ஒரு மாணவி தீசிஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அனுமதி. அது காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடா போன்ற தேசியப் பூங்கா என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் வரை கோப்பு போகும். பவளம், கடல் அட்டை போன்றவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், 'ரெண்டு துண்டு எடுத்துட்டு வந்து பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் ஃபீல்டு. கடல் நமக்காக 9 மணிக்கு ஆபீஸ் திறக்காது. தண்ணீர் எப்போது வற்றுமோ அப்போதுதான் சேற்றில் இறங்க முடியும். வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும். மற்ற நாட்களில் அரைகுறைதான். ஆக, மாதத்தில் வேலைக்குத் தோதான நாட்கள் கொஞ்சமே. படகுக்காரர் வர வேண்டும், டீசலுக்குக் காசு வேண்டும், அன்றைக்கு மழை இருக்கக் கூடாது.

இறங்கிய பிறகு, கயிறு பிடித்து நேர்கோடு போட்டு, அளவெடுத்த இடைவெளியில் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். ஆட்கள் இதை 'குவாட்ராட்' என்பார்கள். எத்தனை நண்டு வளை, எத்தனை சிப்பி, எத்தனை வெண்கண்டல் நாற்று, எத்தனை சுரபுன்னை? தண்ணீரின் உப்புத்தன்மை, வெப்பம், சேற்றின் தன்மை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அள்ளிய சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசினால் தங்குவது, தலைமுடி அளவிலான புழுக்கள். அவற்றை ஃபார்மலினில் போட்டு லேபுக்குக் கொண்டுவந்து, மைக்ராஸ்கோப்பின் கீழே ஒவ்வொன்றாக இனம் பிரிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். வெளியிலிருந்து பார்க்கும் வீட்டார், 'பீச்சுக்குப் போறதெல்லாம் ஒரு படிப்பா?' என்பார்கள்.

இத்தனையும் முடிந்து கையில் நிற்பது ஓர் எக்செல் ஷீட். கடலைப் பொறுத்தவரை அந்த ஷீட்தான் தீசிஸின் உயிர். முன்னுரை, முடிவுரையை வேறு யாரும் எழுதிவிடலாம். அந்த எண்களை வேறு யாரும் எழுத முடியாது.

காலண்டர் செய்யும் சதி

இங்கேதான் முதல் சிக்கல். பல பல்கலைக்கழகங்களில் புராஜெக்ட் வேலை நான்காவது செமஸ்டரில்தான் வருகிறது. டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் ஆரம்பித்து, மார்ச்சுக்குள் ஃபீல்டை முடித்து, ஏப்ரல், மே மாதத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கரையின் வருடத்தைத் திருப்பிப் போடுவது எது? அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. வெள்ளாறும் கொள்ளிடமும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, கழிமுகத்தில் உப்பே தெரியாத அளவுக்கு நன்னீராகிவிடும். சில உயிர்கள் சாகும், சில நகரும், சில அந்த நேரத்தில்தான் பெருகும். மழை நின்ற பிறகு உப்பு மெல்ல மெல்ல ஏறும். ஜனவரியில் கால் வைக்கும் மாணவர், இந்த நாடகம் முடிந்த பிறகு அரங்குக்குள் நுழைபவர். அவர் பார்ப்பது அமைதியான, உப்பேறிய, வெயில் காயும் கரையை மட்டும்.

மீன்வளம் பற்றிய தீசிஸ் என்றால் இன்னொரு முனையும் வெட்டுப்படும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டப்பட்டுவிடும். 'இன்னும் ஒரு தடவை சாம்பிள் எடுத்துடு' என்று கைடு சொல்லும்போது, துறைமுகத்தில் எடுப்பதற்கு மீன் இருக்காது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் பற்றிய தீசிஸுக்கு மட்டும் இந்த காலண்டர் கச்சிதமாகப் பொருந்தும். மற்றவர்களுக்கு, ஒரு வருடக் கதையில் நான்கு மாதம்தான் கிடைக்கும். இதைத் தனி மாணவரின் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. பாடத்திட்டமே இப்படி அமைந்திருக்கிறது.

ஒரு தீசிஸ், அறுபது வருஷம் கழித்து

'நாலு மாச டேட்டாதானே, அதை வெச்சு என்ன பண்றது?' என்று கேட்பவர்களுக்குக் கலிபோர்னியாவில் ஒரு பதில் இருக்கிறது.

1930-களின் தொடக்கத்தில், மான்டெரி வளைகுடாவில் உள்ள ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் வில்லிஸ் ஹெவாட் என்ற மாணவர் தன் முனைவர் பட்டத்துக்காகப் பாறைக் கரையில் ஒரு நேர்கோடு போட்டார். அதன் மேல் ஒரு கஜச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருந்த நத்தை, சிப்பி, கடல் சாமந்திகளை எண்ணி எழுதினார். கோடு போன இடத்தைப் பாறையில் பித்தளை ஆணி அடித்துக் குறித்தும் வைத்தார். அன்றைக்குப் பருவநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை. அவர் செய்தது வெறும் கணக்கெடுப்பு.

சுமார் 60 வருடம் கழித்து, 1990-களில், ரேஃப் சகரின், சாரா கில்மன் என்ற இரண்டு மாணவர்கள் அந்த ஆணிகளைத் தேடிப்பிடித்து, அதே சதுரங்களில் மறுபடி எண்ணினார்கள். இருவரும் அப்போது இளங்கலை படித்துக்கொண்டிருந்தவர்கள். கணக்கை ஒப்பிட்டபோது, வெப்பமான தெற்குக் கடல்களுக்குரிய இனங்கள் ஒன்பதில் எட்டு பெருகியிருந்தன. குளிர்ந்த வடக்குக்குரிய இனங்கள் எட்டில் ஐந்து குறைந்திருந்தன. அந்த இடைவெளியில் கரையோரக் கடல்நீரின் சராசரி வெப்பம் ஏறத்தாழ முக்கால் டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. 1995-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த ஆய்வு, கடல் சூடாவதற்கு உயிர்கள் எப்படி எதிர்வினை செய்கின்றன என்று காட்டிய முக்கியமான ஆவணங்களில் ஒன்று.

ஹெவாட் பெரிய கண்டுபிடிப்பு எதையும் அறிவிக்கவில்லை. எங்கே எண்ணினார், எப்படி எண்ணினார், எத்தனை இருந்தன என்ற மூன்றையும் அடுத்தவர் திரும்பச் செய்யும் அளவுக்குத் தெளிவாக விட்டுச் சென்றார். அந்தக் கணக்கு மற்றவர்கள் எடுத்துப் பார்க்கும் இடத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 'அலையாத்திக் காடு இருந்த ஊர்கள் தப்பித்தன' என்ற பேச்சு எங்கும் பரவியது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசன், ராஜேந்திரன் இருவரும் அந்தப் பகுதியின் 18 சிற்றூர்களின் விவரங்களை எடுத்து, உயிரிழப்பு, கடலிலிருந்து தூரம், தரையின் உயரம், தாவரங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். காடு பாதுகாப்பு தந்தது என்பது அவர்கள் முடிவு.

2006-ல் வேறு மூன்று ஆய்வாளர்கள் அதே 18 ஊர்களின் எண்களை மீண்டும் கணக்குப் போட்டு, தூரமும் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, காட்டின் தனிப் பங்கு மிகக் குறைவு என்று எதிர்வாதம் வைத்தார்கள். முதல் இருவரும் பதில் கொடுத்தார்கள். அலையாத்திக் காடு சுனாமியை எவ்வளவு தடுக்கும் என்ற விவாதம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

யார் சரி என்பது இருக்கட்டும். எண்கள் பொதுவெளியில் இருந்ததால்தான் அந்த விவாதமே சாத்தியமானது. 18 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை, கடலோரத்தில் எங்கே வீடு கட்டலாம், எங்கே மரம் நடலாம் என்ற கேள்வியை உலகம் முழுக்க யோசிக்க வைத்தது. அதே அட்டவணை ஏதாவது ஒரு துறையின் மர அலமாரியில் இருந்திருந்தால், சரியா தவறா என்று கேட்கக்கூட ஆள் இருந்திருக்காது.

ஷோத்கங்கா இருக்கே?

இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் 'ஷோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் போனிலேயே தேடிப் படிக்கலாம். எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகளின் மின்பிரதியைக் கட்டாயமாக்கியது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ம் ஆண்டு விதிமுறை.

முதுகலை தீசிஸுக்கு அப்படியொரு கட்டாயம் அந்த விதிமுறையில் இல்லை. சில நிறுவனங்கள் தாங்களாகவே இணையத்தில் ஏற்றுகின்றன. மற்ற இடங்களில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகமும், சில சமயம் ஒரு சி.டி.யும்தான் மிச்சம். அந்த சி.டி.யைப் படிக்க இப்போது லேப்டாப்பில் டிரைவ் கிடையாது.

புத்தகம் கிடைத்தாலும் இன்னொரு ஓட்டை. பெரும்பாலும் அதில் சராசரியும் குறியீட்டெண்ணும்தான் அச்சாகியிருக்கும். உதாரணத்துக்கு, பல்லுயிர்ப் பெருக்கத்தைச் சொல்லப் பயன்படும் ஷேனன் குறியீடு. எத்தனை இனங்கள், எவ்வளவு சமமாக என்பதை அது ஒரே எண்ணில் சொல்லிவிடும். எந்த இனங்கள் என்று சொல்லாது. நண்டு போய் வேறொன்று வந்து உட்கார்ந்தாலும் எண் அப்படியே இருக்கலாம். இருபது வருடம் கழித்து ஒப்பிட நினைப்பவருக்கு அந்த எண் மட்டும் போதாது. கச்சா டேட்டா வேண்டும்.

திருட்டைப் பிடிக்க விதி இருக்கிறது என்பது இதில் வேடிக்கை. 2018-ல் வந்த மானியக் குழு விதிமுறைப்படி, முதுகலை உட்பட எந்த ஆய்வேட்டிலும் பிறர் எழுத்தோடு 10 சதவிகிதத்துக்கு மேல் ஒத்துப்போனால் நடவடிக்கை உண்டு. அடுத்தவர் எழுத்தைக் காப்பி அடிக்கிறாரா என்று மென்பொருள் போட்டுப் பார்க்கிறோம். அவர் சொந்தமாக எண்ணிய நண்டுகள் எங்கே போயின என்று கேட்பதில்லை.

இப்போ ஏன் இவ்வளவு அவசரம்?

நம் கரை வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நெய்தல் மீட்சி இயக்கத்தின் கீழ் அலையாத்தி, கடல்புல், பவளப்பாறைகளை மீட்கும் வேலையை அரசு எடுத்திருக்கிறது.

மீட்பது என்றால், எதுவரை மீட்பது? முன்பு எவ்வளவு கடல்புல் இருந்தது என்று தெரியாமல், 'மீட்டுவிட்டோம்' என்று எதை வைத்துச் சொல்வது? ஆமை விஷயத்தில் ஓரளவு பதில் சொல்ல முடிகிறது. மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் ஒவ்வொரு சீசனிலும் இரவில் சென்னைக் கரையில் நடந்து கூடுகளைக் குறித்துவருகிறது. சேற்றுப் புழுவுக்கும் கழிமுக நண்டுக்கும் அப்படிக் கணக்கு வைக்க யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும், ஒவ்வொரு பேட்ச் எம்.எஸ்சி. மாணவர்கள்தான்.

மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி 1995-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே 'இயல்பான கடல்' என்று நினைத்துக்கொள்கிறது. தாத்தாவுக்குத் தெரிந்த கடல் வேறு, பேரனுக்குத் தெரிந்த கடல் வேறு. இடையில் போனது எதுவும் இழப்பாகவே தோன்றுவதில்லை. எழுதிவைத்த பழைய கணக்கு ஒன்றுதான் இந்த மறதிக்கு மருந்து.

கூடவே ஒரு நடைமுறைக் காரணம். கரையோரத்தில் பெரிய திட்டம் வரும்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தயாராகும். பல திட்டங்களுக்குப் பருவமழை அல்லாத ஒரு பருவத்தின் டேட்டா போதும் என்பதே வழக்கத்தில் இருக்கிறது. 'இங்கே முக்கியமான உயிரினம் ஏதும் இல்லை' என்று அறிக்கை சொன்னால், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மீனவர் எழுந்து 'இருக்குங்கய்யா, நாங்க பார்த்திருக்கோம்' என்று சொல்லலாம். அவர் பேச்சுக்குப் பக்கத்தில் வைக்க ஓர் ஆவணம் வேண்டும். அதே கழிமுகத்தில் பத்து வருடமாகப் பத்து மாணவர்கள் எண்ணிய பட்டியல் நூலகத்தில் இருக்கிறது. அது இருப்பது மீனவருக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது.

மாணவர் டேட்டாவை நம்பலாமா?

நியாயமான கேள்வி. முதல் முறை ஃபீல்டுக்குப் போகிறவர்கள் இனத்தைத் தப்பாக அடையாளம் காணலாம். அவசரத்தில் எண்களைச் 'சரிசெய்த' தீசிஸ்களும் இருக்கலாம். ஆனால் பூட்டி வைப்பதால் தவறு திருந்தாது. வெளியே வைத்தால்தான் யாராவது பார்த்துத் திருத்துவார்கள். ஒரு போட்டோவும், பாதுகாத்து வைத்த மாதிரி உயிரியும் இருந்தால், பின்னால் வரும் நிபுணர் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு தயக்கம்: கடல் அட்டை, அரிய பவளம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் போட்டால் திருடர்களுக்கு மேப் கொடுத்த மாதிரி ஆகாதா? ஆகும். அப்படிப்பட்ட இனங்களுக்கு மட்டும் இடத்தின் துல்லியத்தைக் குறைத்து வெளியிடலாம். சிலவற்றுக்காக எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டியதில்லை.

'கட்டுரையாகப் பிரசுரிக்கும் முன் யாராவது எடுத்துக்கொண்டால்?' என்ற பயமும் உண்டு. ஓரிரு வருடம் அவகாசம் கொடுத்துவிட்டுத் திறக்கலாம். தேதியோடு பதிவான டேட்டா, மாணவரின் உழைப்புக்கு இன்னும் வலுவான சாட்சி. கைடு பெயரில் மட்டும் கட்டுரை வந்து, சேற்றில் நின்றவர் பெயர் காணாமல் போவதையும் அது தடுக்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

பல்கலைக்கழகங்கள் கரையோரப் பாடங்களுக்காவது புராஜெக்டை மூன்றாவது செமஸ்டரிலேயே தொடங்க அனுமதிக்கலாம். அக்டோபரில் முதல் சாம்பிள் எடுத்தால் மழைக்காலமும் கணக்கில் வந்துவிடும். ஒவ்வொரு பேட்ச்சும் புதுப்புது இடம் தேடி ஓடாமல், துறைக்கு அருகிலேயே நான்கைந்து நிலையான இடங்களை வைத்து, வருடா வருடம் அதே முறையில் எண்ணலாம். நான்கு மாத டேட்டா சின்னதுதான். அதே இடத்தில் பதினைந்து பேட்ச் எண்ணினால் அது பதினைந்து வருட ஆவணம்.

அரசு, முதுகலை ஆய்வேடுகளுக்கும் மின்பிரதியையும் கச்சா டேட்டாவையும் கட்டாயமாக்கலாம். வனத்துறை, எதையும் எடுக்காமல் எண்ணிவிட்டு மட்டும் வரும் மாணவர் ஆய்வுகளுக்கு விரைவான அனுமதி முறை வைக்கலாம். அனுமதி மார்ச்சில் கைக்கு வந்தால், தீசிஸ் ஏப்ரலில் கற்பனையாகத்தான் எழுதப்படும். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்குத் தரும் சிறு நிதியில், படகு வாடகைக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்தாலே பலர் இன்னும் இரண்டு முறை கூடுதலாகக் கடலுக்குப் போவார்கள்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். எண்ணிய இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளி, தேதி, தண்ணீர் வற்றிய நேரம், சட்டத்தின் அளவு ஆகிய நான்கையும் தெளிவாக எழுதுங்கள். எக்செல் ஷீட்டைப் பின்னிணைப்பாக முழுசாகப் போடுங்கள். தேடியும் கிடைக்காத உயிரினத்துக்கு நேராகப் பூஜ்யம் என்று எழுதுங்கள். 'இல்லை' என்பதும் டேட்டாதான். கைடு சம்மதித்தால் ஜெனோடோ போன்ற இலவசத் தளத்தில் ஏற்றிவிடலாம். நிரந்தர எண் கிடைக்கும், பயோடேட்டாவிலும் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. எந்த ஊர்க் கரையில் எண்ணினார்களோ, அந்த ஊருக்குத் தமிழில் இரண்டு பக்கம். படகு ஓட்டியவருக்கும், நண்டின் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கொடுத்த அக்காவுக்கும் 'நன்றியுரை'யில் ஒரு வரி கிடைக்கிறது. அந்த வரியை அவர்கள் படிக்கப்போவதில்லை. என்ன கண்டுபிடித்தார்கள் என்பதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு தாளாகக் கொடுத்தால் படிப்பார்கள். 'இது தப்பு தம்பி, அந்த நண்டு ஐப்பசியிலதான் வரும்' என்று திருத்தவும் செய்வார்கள்.

இந்த வருடமும் பல தீசிஸ்கள் சமர்ப்பிக்கப்படும், பட்டமும் கிடைக்கும். 2085-ல் யாராவது ஒரு மாணவி அதே சேற்றில் சட்டத்தை வைத்து, 'அறுபது வருஷத்துக்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது?' என்று கேட்பார். பதிலை எழுதியவர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள். அது அவர் கைக்குப் போய்ச் சேருமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.